கடல்ல குத்தம், கரையில வழக்கம்: வளைகுடாவுல வெள்ளைக்காரன் அடிமை வியாபாரத்தை நிறுத்தின கதை

ஷார்ஜா கொடிய எப்பவாச்சும் உத்துப் பார்த்திருக்கீங்களா? சுத்தி வெள்ளை பார்டர், நடுவுல சிவப்பு, அவ்ளோதான். ராஸ் அல் கைமாவுக்கும் அதே கொடி. துபாய், அஜ்மான் கொடியில வெள்ளை ஒரு ஓரமா மட்டும் நிக்கும். இந்த வெள்ளைய டிசைன் பண்ணினது எந்த ஷேக்கும் இல்ல, 1820-ல வெள்ளைக்காரன் போட்ட ஒரு ஒப்பந்தத்துல வந்தது. "எங்ககூட சமாதானமா இருக்கற அரபுக் கப்பல் எல்லாம் வெள்ளை சூழ்ந்த சிவப்புக் கொடிதான் பறக்க விடணும்"னு அதுல ஒரு ஷரத்து இருக்கு. அதே ஒப்பந்தத்துல 9-வது ஷரத்து, ஆப்பிரிக்காக் கரையிலயோ வேற எங்கயோ ஆளுங்களத் தூக்கிட்டு வந்து கப்பல்ல ஏத்தறது கொள்ளைக்குச் சமம்னு சொல்லுது.

நான் ஷார்ஜால இருந்தப்போ ரூம்ல ஒரு அண்ணன் கேட்டார், "ஏன்டா தம்பி, வெள்ளைக்காரன் 1820-லயே அடிமை வியாபாரத்த தடை பண்ணிட்டான்னு சொல்ற, ஆனா இந்த ஊர்ல அடிமைமுறைய ஒழிச்சது 1963-னு நெட்ல போட்டிருக்கு, நடுவுல 140 வருஷம் என்னதான்டா பண்ணிட்டிருந்தான்?" அப்போ எனக்கு பதில் தெரியல. அதுக்கப்புறம் தேடித் தேடிப் படிச்சதுதான் இது, ஒண்ணுமே தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி எழுதப் பார்க்கறேன்.

முதல்ல ஒரு விஷயத்த மனசுல வச்சுக்கோங்க, மத்தது எல்லாம் தானா புரியும். அடிமை வியாபாரம் வேற, அடிமைமுறை வேற. ஆளப் பிடிச்சு கப்பல்ல ஏத்தி இன்னொரு ஊருக்குக் கொண்டு போய் விக்கறது வியாபாரம். வீட்லயோ தோட்டத்துலயோ படகுலயோ ஒருத்தர ஏற்கெனவே அடிமையா வச்சிருக்கறது அடிமைமுறை. வளைகுடாவுல வெள்ளைக்காரன் கை வச்சது முதல்ல சொன்னதுல மட்டும்தான், ரெண்டாவதை "அது உங்க வீட்டு விஷயம்"னு ரொம்ப காலம் விட்டுட்டான். அலை வந்து தொடற கோடு வரைக்கும் அவன் சட்டம், அந்தக் கோட்டைத் தாண்டி மணல்ல காலை வச்சா ஷேக்கோட வழக்கம்.

சரி, யார் இந்த வெள்ளைக்கார அதிகாரி? தஞ்சாவூர் ராஜா கிட்டயும் திருவிதாங்கூர் ராஜா கிட்டயும் கம்பெனி ஒரு ரெசிடென்ட்ட உக்கார வச்சிருந்ததே, அதே ஜாதி ஆள்தான். நாட்ட நேரா ஆள மாட்டார், வரி வசூலிக்க மாட்டார், ஆனா அவர மீறி எதுவும் நடக்காது. வளைகுடாவுக்கான ரெசிடென்ட் உக்காந்திருந்தது அரபுக் கரையில இல்ல, எதிர்க்கரையில பாரசீகத்துல, புஷயர்ங்கற ஊர்ல (இப்போ ஈரானோட அணுமின் நிலையம் இருக்கற ஊர்தான்). கிழக்கிந்தியக் கம்பெனி 1763-ல அங்க கடை போட்டுச்சு, 1946-ல ஆபீஸ் பஹ்ரைனுக்கு மாறுச்சு, 1971-ல இழுத்து மூடினாங்க. இதுல கவனிக்க வேண்டியது, இந்தியா சுதந்திரம் வாங்கற வரைக்கும் இந்த ஆபீஸ் நேரா லண்டனுக்கு பதில் சொல்லல. 1873 வரைக்கும் பம்பாய் அரசுக்கு, அப்புறம் கல்கத்தால இருந்த இந்திய அரசுக்கு. அதிகாரிங்க இந்திய சர்வீஸ் ஆளுங்க, காவலுக்கு நின்னது இந்திய சிப்பாய்ங்க, கணக்கு எல்லாம் ரூபாயில. 1960-கள் வரைக்கும் அங்க ரூபாய் ஓடினதுக்குக் காரணம் இந்தப் பழைய உறவுதான். கர்சன் வைஸ்ராய் ஆகறதுக்கு முன்னாடியே இந்த ரெசிடென்ட்ட பாரசீக வளைகுடாவோட முடிசூடா மன்னர்னு எழுதி வச்சுட்டுப் போயிருக்கார்.

இவங்க எதுக்கு அங்க போனாங்கன்னா அடிமைங்கள விடுவிக்க இல்ல. அத நேர்மையா சொல்லிடணும். பம்பாய்ல இருந்து பாஸ்ராவுக்கு (இன்னைக்கு ஈராக்ல இருக்கற துறைமுகம்) போற சரக்குக் கப்பலுக்கு வழி வேணும், அதுக்குத்தான். ராஸ் அல் கைமாவ மையமா வச்சிருந்த கவாசிம் கூட்டம் கப்பலக் கொள்ளை அடிக்குதுன்னு சொல்லி 1809-ல ஒரு தடவை, 1819 கடைசியில இன்னொரு தடவை பம்பாய்ல இருந்து படை போச்சு. ரெண்டாவது தடவை வில்லியம் கிராண்ட் கெயர்ங்கற ஜெனரல் தலைமையில ராஸ் அல் கைமாவ பிடிச்சு கோட்டைய இடிச்சு, கப்பல எல்லாம் கொளுத்திட்டாங்க. அவங்க உண்மையிலேயே கொள்ளைக்காரங்களா, இல்ல கம்பெனியோட வியாபாரப் போட்டியாளருங்களான்னு இன்னமும் சண்டை ஓடுது. ஷார்ஜாவோட ஆட்சியாளர் ஷேக் சுல்தான் பின் முஹம்மது அல் காசிமி அதே கவாசிம் குடும்பம், அவரே இங்கிலாந்துல டாக்டர் பட்டத்துக்கு இதைத்தான் ஆராய்ச்சி பண்ணி, கடற்கொள்ளைக் கதை கம்பெனி கட்டிவிட்டதுன்னு எழுதியிருக்கார். தாத்தாவுக்காக பேரன் வக்காலத்து வாங்கறார்னு சிலர் சொல்லலாம், ஆனா கம்பெனி எழுதினத மட்டும் நம்பறதும் ஒரு பக்கக் கதைதானே.

அந்த 9-வது ஷரத்து எப்படி உள்ள வந்துச்சுங்கறது சுவாரஸ்யம். படையோட மொழிபெயர்ப்பாளரா போனவர் தாமஸ் பெரோனெட் தாம்ப்சன். அவர் அதுக்கு முன்னாடி மேற்கு ஆப்பிரிக்காவுல, விடுதலையான அடிமைங்களக் குடியேத்தின சியரா லியோன்ல கவர்னரா இருந்தவர், அடிமை வியாபாரம்னாலே கொதிக்கற ஆள். ஒப்பந்தத்த எழுதற வேலை கையில வந்ததும் இந்த ஷரத்தையும் சேர்த்துட்டார். அரபு ஷேக்குங்க கையெழுத்தும் போட்டாங்க. ஆனா பின்னாடி பம்பாய் அதிகாரிங்க உக்காந்து யோசிச்சு ஒரு விளக்கம் குடுத்தாங்க பாருங்க: "தூக்கிட்டு வர்றது"ன்னா கொள்ளை அடிச்சுத் தூக்கறது, காசு குடுத்து வாங்கிட்டு வந்தா அது இதுல வராது! ஆக, சந்தையில வாங்கி கப்பல்ல ஏத்தினா குத்தமில்ல. வக்கீல் மூளைன்னா இதுதான். அந்த ஷரத்து பல வருஷம் வெறும் பேப்பராவே கிடந்துச்சு.

அடுத்து 1822. இப்போ சீன் மஸ்கட்டுக்கு மாறுது. மஸ்கட் சுல்தான் சையிது சயீத் கையில ஓமானும் இருக்கு, ஆப்பிரிக்கக் கரையில சான்சிபாரும் இருக்கு. மொரீஷியஸ்ல இருந்த பிரிட்டிஷ் நேவி கேப்டன் மோர்ஸ்பி அவர்கிட்ட ஒரு ஒப்பந்தம் போட்டார், கிறிஸ்தவங்களுக்கு அடிமைய விக்கக் கூடாதுன்னு. அதோட மேப்ல ஒரு கோடு: இன்னைக்கு மொசாம்பிக்ல இருக்கற டெல்காடோ முனையில ஆரம்பிச்சு, சொகோத்ரா தீவுக்குக் கிழக்கே போய், குஜராத் பக்கம் டையூ வரைக்கும். அந்தக் கோட்டுக்குக் கிழக்கே அடிமையோட போற கப்பல பிடிக்கலாம். இதோட அர்த்தம் என்னன்னா, இந்தியாவுக்கும் மொரீஷியஸ் கரும்புத் தோட்டத்துக்கும் கொண்டு போகாதே, ஆனா ஆப்பிரிக்காவுல இருந்து அரேபியாவுக்குக் கொண்டு போறியா, தாராளமா போ. (மொரீஷியஸ் தோட்டக்காரங்களுக்கு அடிமை கிடைக்காமப் போனதும் 1834-ல இருந்து கூலி ஒப்பந்தம் போட்டு இந்தியாவுல இருந்து ஆளுங்கள ஏத்தினாங்க, அதுல நம்ம தமிழ் ஆளுங்க எவ்வளவு பேர்னு மொரீஷியஸ் தைப்பூசத்தைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். அது தனிக் கதை.)

இந்தக் கோடு கொஞ்சம் கொஞ்சமா நகருது. 1839-ல கோட்டை மேற்கால தள்ளி மக்ரான் கரையில (இப்போ பாகிஸ்தான் பக்கம்) பஸ்னி வரைக்கும் கொண்டு வந்தாங்க. 1845-ல சான்சிபார்ல இருந்த பிரிட்டிஷ் கான்சல் ஹாமர்டன் சுல்தான்கிட்ட இன்னொரு கையெழுத்து வாங்கினார், ஆப்பிரிக்கக் கரையில இருந்து அரேபியாவுக்கே ஏத்தக் கூடாது, 1847 ஜனவரில இருந்து அமல். 1847-ல ட்ரூஷியல் கரை ஷேக்குங்க, அதாவது இன்னைக்கு யூஏஇ-யா இருக்கற எமிரேட்டுகளோட ஷேக்குங்க, பஹ்ரைன் ஷேக்கு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, தங்களோட கப்பல பிரிட்டிஷ் கப்பல் நிறுத்தி சோதனை போடலாம்னு. 1848-ல பாரசீக ஷாவும் கடல் வழியா அடிமை இறக்கறத தடை பண்ணி உத்தரவு போட்டார். கவனிச்சீங்களா, "கடல் வழியா". தரை வழியா வந்தா? அது கேக்காத கேள்வி.

ட்ரூஷியல்னு பேரு ஏன் வந்துச்சுன்னும் சொல்லிடறேன். ட்ரூஸ்னா சண்டை நிறுத்தம். இந்த ஷேக்குங்க முத்துக்குளிக்கற சீசன்லகூட கடல்ல ஒருத்தரோட ஒருத்தர் அடிச்சுக்கிட்டாங்க, அதனால ரெசிடென்ட் ஆபீஸ் 1835-ல "சீசன் முடியற வரைக்குமாச்சும் சும்மா இருங்க"ன்னு ஆறு மாச ஒப்பந்தம் போட வச்சுச்சு, அது வருஷா வருஷம் நீண்டு, 1843-ல பத்து வருஷத்துக்குன்னு ஆகி, 1853-ல நிரந்தரம்னு ஆயிருச்சு. இங்கயும் அதே கோடுதான், கடல்ல அடிச்சுக்காதே, பாலைவனத்துல என்னமோ பண்ணிக்கோ.

இப்போ கடல்ல என்ன நடந்துச்சுன்னு கிட்டப் போய்ப் பார்ப்போம். துபாய் க்ரீக்ல தவ் க்ரூஸ் போயிருப்பீங்க, அந்த மரக்கப்பல் தவ்தான், அப்போ எஞ்சின் கிடையாது, முக்கோணப் பாய் மட்டும். காத்து சொல்றதுதான் டைம்டேபிள். வாடைக்காத்து அடிக்கற மாசங்கள்ல அரேபியாவுல இருந்து பேரீச்சம்பழமும் துணியும் ஏத்திட்டு சான்சிபாருக்கு இறங்குவாங்க. ஏப்ரல் வாக்குல காத்து திரும்பும், தென்மேற்குப் பருவம் முத்தறதுக்கு முன்னாடி கிராம்பு, யானைத் தந்தம், மரக்கட்டையோட கூடவே ஆளுங்களையும் ஏத்திட்டு வடக்கே வருவாங்க. ஆக நேவிக்கு எந்த மாசம், எந்தப் பக்கம் காத்திருக்கணும்னு தெரியும். பிரச்னை ஆள்பலம். ரோந்துக்கு முதல்ல இருந்தது பம்பாய் மரைன், 1830-ல அதுக்கு இந்தியன் நேவின்னு பேரு மாத்தினாங்க, 1863-ல அதையும் கலைச்சுட்டாங்க, அப்புறம் ராயல் நேவியோட ஒரு சில கப்பல்ங்க. அத்தனை ஆயிரம் மைல் கரைக்கு விரல் விட்டு எண்ணற அளவு கப்பல்.

அதனால பெரிய கப்பல் தூரத்துல நிக்கும், சின்ன படகுகள்ல பத்துப் பன்னிரண்டு பேர ஏத்தி முனையோரமா, தீவு மறைவுல ஒளிச்சு வைப்பாங்க. வாரக்கணக்குல அந்தத் திறந்த படகுலயே வெயில்ல காஞ்சு, பிஸ்கட்டைத் தின்னுட்டு கிடக்கணும். தவ் வந்ததும் துடுப்புப் போட்டு விரட்டுவாங்க. தவ் நகுதா (இந்த வார்த்தை நம்ம கடற்கரை மரைக்காயருங்க கிட்டயும் இருந்ததுதான், கப்பல் தலைவன்னு அர்த்தம்) தப்பிக்க வழியில்லன்னு தெரிஞ்சா கப்பல நேரா கரைக்கு ஓட்டி அலையில மோத விடுவான். கப்பல் உடைஞ்சாலும் அவனுக்கு சரக்கு மிஞ்சும், கரையில இறங்கினா வெள்ளைக்காரன் கை நீளாது. அந்த அலையில எத்தனை பேர் முழுகிப் போனாங்கன்னு யோசிச்சுக்கோங்க, அவங்கள்ல நிறைய பேர் கடலையே அதுக்கு முன்னாடி பார்க்காத உள்நாட்டு ஆளுங்க, பாதி குழந்தைங்க. 1868-ல டாஃப்னிங்கற கப்பல் தட்டுல எடுத்த போட்டோ ஒண்ணு இன்னைக்கும் கிடைக்குது, தவ்ல இருந்து ஏத்தினவங்க நெருக்கியடிச்சு உக்காந்திருப்பாங்க, நிறைய சின்னப் பசங்க, விலா எலும்பு எண்ணலாம்.

இதுல காசும் இருந்துச்சு. விடுவிக்கற ஒவ்வொரு ஆளுக்கும் 5 பவுண்டு, பிடிச்ச கப்பலுக்கு டன் கணக்குல தனி, அது கேப்டன்ல இருந்து கடைநிலை மாலுமி வரைக்கும் பங்கு பிரியும். நல்ல காரியத்துக்கு இன்சென்டிவ் வச்சா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா? ஒழுங்கா வியாபாரம் பண்ணிட்டிருந்த தவ்களையும் "அடிமைக் கப்பல்"னு பிடிச்சாங்க, துறைமுகத்துக்கு இழுத்துட்டுப் போற நிலைமையில இல்லன்னு சொல்லி நடுக்கடல்லயே கொளுத்தினாங்க, அப்புறம் கோர்ட்ல போய் அளவு மட்டும் சொல்லி காசு வாங்கினாங்க. புகார் நிறைய வந்து 1860-கள் கடைசியில விதிய இறுக்க வேண்டியதாச்சு. ஆனா அதிகாரிங்க பக்கமும் ஒரு நிஜமான சிக்கல் இருந்துச்சு: தவ்ல வேலை செய்யற மாலுமிங்கள்லயே பாதி பேர் அடிமைங்க. முதலாளி அடிமைய கப்பல்ல வேலைக்கு விட்டுட்டு அவன் சம்பளத்த வாங்கிக்குவான். இப்போ இந்தக் கப்பல் அடிமை ஓட்டற கப்பலா, அடிமை ஏத்தற கப்பலா? அவன்கிட்ட கேட்டா அவன் என்ன சொல்லுவான், முதலாளி பக்கத்துல நிக்கும்போது? மொழிபெயர்ப்பாளருக்கும் பங்கு இருந்தா அவர் எப்படி மொழிபெயர்ப்பார்?

விடுவிச்சவங்கள ஊருக்கு அனுப்பினாங்களான்னு கேட்டா, இல்ல. ஊர் எங்கன்னே பல குழந்தைங்களுக்குத் தெரியாது, திரும்பி விட்டா மறுபடி பிடிச்சுருவாங்க. பம்பாய், ஏடன், செஷல்ஸ்னு இறக்கினாங்க. நாசிக் பக்கத்துல சரண்பூர்ல ஒரு கிறிஸ்தவ மிஷன் இவங்களுக்காக இல்லம் நடத்துச்சு, தச்சு வேலை, கொல்லு வேலை, இங்கிலீஷ் எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. அங்க படிச்ச ஜேக்கப் வெயின்ரைட், 1873-ல ஆப்பிரிக்காவுக்குள்ள பயணம் போன டேவிட் லிவிங்ஸ்டன் செத்தப்போ அவர் உடம்ப கடற்கரை வரைக்கும் சுமந்துட்டு வந்த கூட்டத்துல ஒருத்தர், உடலோட லண்டன் வரைக்கும் போனார். நாசிக் எங்க, லண்டன் எங்க!

அதே 1873-லதான் சான்சிபார் சந்தைய மூடினாங்க. பம்பாய் கவர்னரா இருந்த பார்ட்டில் ஃப்ரேர் நேர்ல போய்ப் பேசினார், சுல்தான் பர்காஷ் முடியாதுன்னுட்டார். அவருக்கு என்ன கஷ்டம்னா முந்தின வருஷம் அடிச்ச புயல்ல அவர் கப்பல்ங்க எல்லாம் போச்சு, கிராம்புத் தோட்டமும் போச்சு, இருக்கற ஒரே வருமானத்தையும் நிறுத்தச் சொன்னா? கடைசியில கான்சல் ஜான் கிர்க் "கையெழுத்துப் போடு, இல்லன்னா துறைமுகத்த அடைச்சுருவோம்"னு நின்னதும் ஜூன் 5-ல போட்டார். சந்தை இருந்த எடத்துல சர்ச் கட்டிட்டாங்க, இன்னைக்கும் டூரிஸ்ட் போற இடம். ஆனா சான்சிபார்லயும் அடிமைமுறைய சட்டப்படி எடுத்தது 1897-லதான், சந்தைய மூடி 24 வருஷம் கழிச்சு.

வெள்ளைக்காரன ரொம்ப திட்டறதுக்கும் பாராட்டறதுக்கும் முன்னாடி நம்ம பக்கமும் ஒரு பார்வை பார்க்கணும். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துல அடிமைமுறைய ஒழிச்ச 1833 சட்டம் இருக்கே, அதுல கம்பெனி ஆட்சிப் பகுதியும் இலங்கையும் விலக்குன்னு எழுதியிருக்கு. அதாவது ஹென்னெல்ங்கற ரெசிடென்ட் புஷயர்ல உக்காந்து ஷேக்குங்களுக்குப் புத்தி சொல்லிட்டிருந்த 1830-கள்ல, மதராஸ் மாகாணத்துல நிலத்தோட சேர்த்து பண்ணையாள வித்த பத்திரம் செல்லுபடி ஆயிட்டிருந்துச்சு. 1843-ல வந்த 5-வது சட்டம்தான் இந்திய கோர்ட்டுகள் அடிமைய சொத்துன்னு ஏத்துக்கக் கூடாதுன்னுச்சு. இலங்கையில 1844. அடிமைய வாங்கறது விக்கறது தண்டனைக்குரிய குத்தம்னு ஆனது இந்திய தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்த 1862-ல. தன் வீட்ல பெருக்காம அடுத்தவன் வாசல்ல கோலம் போடப் போன மாதிரி.

சரி, இவ்ளோ ஒப்பந்தம் இருந்தும் வளைகுடாவுக்கு ஆளுங்க வந்துட்டே இருந்தாங்களே, ஏன்? டிமாண்ட். 19-ம் நூற்றாண்டு கடைசியில முத்துக்கு உலகம் பூரா கிராக்கி, ஓமான் பேரீச்சம்பழம் நியூயார்க் வரைக்கும் போச்சு. லோரிமர்ங்கற அதிகாரி 1900-களோட தொடக்கத்துல தொகுத்த அரசாங்க கெஸட்டியர்ல, வளைகுடா முத்துக்குளிப்புல சுமார் 4,500 படகு, 74,000 பேர்னு கணக்கு வருது. முத்துக்குளிக்கறது என்னன்னு தூத்துக்குடி, மன்னார் ஆளுங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல (மன்னார் குளிப்புக்கே 1900-கள்ல வளைகுடாவுல இருந்து அரபுக் குளியாளுங்க வந்திருக்காங்க). மூக்குல கிளிப், கால்ல கல்லு, இடுப்புல கயிறு, மேல கயிறு பிடிக்கற ஆள், ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை இறங்கணும். சுதந்திரமான குளியாளே நகுதா கிட்ட வாங்கின அட்வான்ஸ்ல கழுத்து வரைக்கும் முழுகிக் கிடப்பான். அடிமைக் குளியாள்னா அவன் பங்கு நேரா எஜமான் கைக்குப் போயிரும், அவனுக்குச் சோறு துணி மட்டும்.

இங்கதான் ரெசிடென்ட்டோட இக்கட்டு. அடிமைங்கள எல்லாம் விட்டுருன்னா முத்து வியாபாரம் படுத்துரும், ஷேக்குங்க எதிர்ப்பாங்க, கஷ்டப்பட்டு கட்டின சமாதானம் போயிரும். 1875-ல லண்டன் அட்மிரால்டி (நேவியோட தலைமை ஆபீஸ்) ஒரு சர்க்குலரே போட்டுச்சு, ஓடி வந்து கப்பல்ல ஏறற அடிமைய கரைக்குப் பக்கத்துக் கடல்ல இருந்தா திருப்பிக் குடுத்துரலாம்னு, வளைகுடா முத்துப் படகுல இருந்து தப்பி வர்றவங்க பிரச்னையும் இதுக்குப் பின்னாடி இருந்துச்சு. இங்கிலாந்துல பெரிய ரகளை ஆகி சர்க்குலர வாபஸ் வாங்கி ராயல் கமிஷன் போட்டாங்க. கொடியப் பறக்க விட்டு சுதந்திரம்னு சொல்லிட்டு, ஓடி வந்தவன திருப்பி அனுப்பச் சொன்னா ஜனங்க சும்மா இருப்பாங்களா.

கடல்ல இன்னொரு ஓட்டையும் இருந்துச்சு, பிரெஞ்சுக் கொடி. தன் கொடி பறக்கற கப்பல இங்கிலீஷ்காரன் சோதனை போடறத பிரான்ஸ் ஒத்துக்கல. அதனால ஓமான்ல சூர் ஊர்க்காரங்க போய் பிரெஞ்சு பேப்பரும் கொடியும் வாங்கி மாட்டிக்கிட்டாங்க, நேவி பல்லைக் கடிச்சுட்டு வழி விடணும். விஷயம் ஹேக் நகர நடுவர் மன்றம் வரைக்கும் போய், 1905-ல தீர்ப்பு வந்துச்சு: 1892 ஜனவரி 2-க்கு முன்னாடி கொடி வாங்கினவங்க வச்சுக்கலாம், அதுக்கு அப்புறம் கண்டவங்களுக்கும் குடுக்கக் கூடாதுன்னு.

கரைப் பக்கம் வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்தப் பகுதிதான். ஷார்ஜா மாதிரி ஊர்ல 1930-கள் வரைக்கும் நிரந்தரமா ஒரு வெள்ளைக்கார அதிகாரி கிடையாது. உள்ளூர் ஏஜென்ட் ஒருத்தர், பெரும்பாலும் செல்வாக்கான முஸ்லிம் வியாபாரி, வீட்டு மேல பிரிட்டிஷ் கொடி. ஷேக்குக்கும் அவருக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு, அவர் நண்பருங்க முத்து வியாபாரிங்க. ஒரு அடிமை ஓடி வந்தா முதல்ல நிக்க வேண்டியது இவர் வாசல்ல. மஸ்கட்ல கான்சல் ஆபீஸ் கொடிக் கம்பத்த கட்டிப் பிடிச்சுட்டா விடுதலைன்னு ஒரு பேச்சு இருந்துச்சு, ஆனா நடைமுறை கம்பத்தோட முடியல, கம்பத்துல ஆரம்பிச்சுச்சு.

கிளார்க் உக்காந்து வாக்குமூலம் எழுதுவார். பேரு என்ன, அப்பா அம்மா பேரு என்ன, எந்த ஊர்ல பிறந்தே, எத்தனை வயசுல பிடிச்சாங்க, யார் பிடிச்சாங்க, எந்தத் துறைமுகத்துல இறக்கினாங்க, எவ்வளவுக்கு வித்தாங்க, எத்தனை கை மாறினே, இப்போ எஜமான் யாரு, ஏன் ஓடி வந்தே. கடைசியில கட்டைவிரல் ரேகை. அந்த ஃபைல்கள ஸ்கேன் பண்ணி கத்தார் டிஜிட்டல் லைப்ரரியில போட்டிருக்காங்க, யார் வேணா படிக்கலாம். நாலஞ்சு வரிதான் இருக்கும் ஒவ்வொண்ணும், "சின்ன வயசுல விளையாடிட்டிருந்தப்போ தூக்கிட்டுப் போனாங்க", "முத்துக்குளிக்க அனுப்பினாங்க, காசு அவர் எடுத்துக்கிட்டார்", "அடிச்சார், சோறு போடல". ஒரு வாழ்க்கையே நாலு வரியில, அதுவும் இன்னொருத்தன் மொழியில. ஆப்பிரிக்கக்காரங்க மட்டும்னு நினைச்சுராதீங்க, 1920-கள்ல மக்ரான் கரையில இருந்து கடத்தின பலூச்சிங்க கதையும் நிறைய வருது.

அப்புறம் ஏஜென்ட் விசாரிப்பார், எஜமான் வந்து சண்டை போடுவான், "இவன் எங்க வீட்லயே பிறந்தவன், வாங்கிட்டு வரல"ம்பான். இந்த ஒரு வாக்கியத்துக்கு ரொம்ப காலம் மதிப்பு இருந்துச்சு, ஏன்னா ஒப்பந்தம் தடுக்கறது கடல் வழியா கொண்டு வர்றதத்தானே. வெளியில இருந்து கொண்டு வந்தவன்னா விடுதலை, வீட்ல பிறந்தவன்னா கொடுமை நடந்துச்சுன்னு காட்டணும், இல்லன்னா ஏஜென்ட் சமாதானம் பேசி திருப்பி அனுப்பிருவார். கடன் பாக்கி இருக்கற குளியாள்னா அதுக்கும் தனியா பஞ்சாயத்து. எல்லாம் சரியா வந்தா பேப்பர் புஷயருக்குப் போய், ரெசிடென்ட் கையெழுத்தோட ஒரு சர்டிபிகேட் வரும், இன்னார் விடுதலை ஆயிட்டார், இவர் சுதந்திரத்துல யாரும் தலையிடக் கூடாதுன்னு. அது வர்ற வரைக்கும் வாரமோ மாசமோ அந்த ஆள் ஏஜென்ட் வீட்லயே கிடக்கணும், வெளியில வந்தா எஜமான் ஆளுங்க நிப்பாங்க.

இதே மாதிரி ஜித்தாவுல இருந்த பிரிட்டிஷ் கான்சலுக்கும் ஒரு உரிமை இருந்துச்சு, ஓடி வர்றவங்கள செங்கடல் தாண்டி சூடானுக்கு அனுப்புவாங்க. சவூதி மன்னர் இப்னு சவூதோட 1927-ல போட்ட ஜித்தா ஒப்பந்தத்துல கடல் வழி அடிமை வியாபாரத்த அடக்க அவர் ஒத்துழைப்பார்னு ஒரு ஷரத்து வந்துச்சு, 1936-ல சவூதி தானே ஒரு அடிமைச் சட்டம் போட்டதும் கான்சலோட உரிமைய பிரிட்டன் விட்டுக் குடுத்துருச்சு.

வியாபாரத்த கடைசியில கொன்னது ஒப்பந்தமும் நேவியும் மட்டும் இல்ல. ஜப்பான்ல வளர்ப்பு முத்து வந்துச்சு, 1929-ல உலகச் சந்தை சரிஞ்சுச்சு, முத்து விலை தரைக்கு வந்துச்சு, அடிமைக்குச் சோறு போடறதே எஜமானுக்கு நஷ்டம்னு ஆச்சு. அப்புறம்தான் கரையில இருந்த அடிமைமுறைக்கு ஒவ்வொரு எடமா முடிவு வருது: பஹ்ரைன் 1937, குவைத் 1949, கத்தார் 1952. கத்தார்ல எண்ணெய்க் கம்பெனியில அடிமைங்க வேலைக்குப் போய் சம்பளம் வாங்கி, அதுல பங்க எஜமானுக்குக் குடுத்துட்டிருந்தாங்கன்னா பாருங்க, ஆட்சியாளர் எஜமானுங்களுக்கு நஷ்டஈடு குடுத்துத்தான் முடிச்சார். சவூதி 1962, ட்ரூஷியல் ஷேக்குங்க 1963, ஓமான் 1970. ரூம் அண்ணன் கேட்ட 140 வருஷக் கணக்கு இதுதான், கடல்ல இருந்து கரைக்கு ஏறி வர சட்டத்துக்கு அவ்வளவு காலம் ஆச்சு.

அந்த ஃபைல்கள்ல ஒரு வகை விண்ணப்பம் என்னை ரொம்ப நாள் விடல. சில பேர் அடிமையே இல்ல, சுதந்திரமாவே இருக்கறவங்க, அவங்களும் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு எனக்கும் ஒரு சர்டிபிகேட் எழுதிக் குடுங்கன்னு கேக்கறாங்க. வேற ஊருக்கு வேலைக்குப் போகணும், தோல் நிறத்தப் பார்த்துட்டு நடுவழியில எவனாச்சும் பிடிச்சு "இவன் என் ஆள்"னு சொல்லிட்டா, காட்டறதுக்கு கையில ஒரு பேப்பர் வேணுமாம்.